நீல மூடி டப்பா

பிப்ரவரி 9, ஞாயிறு

செல்வி, நீ கொடுத்த நோட்டில்தான் எழுதுகிறேன். முன்பக்கம் உன் பத்தாம் வகுப்புக் கணக்கு, பின்பக்கமிருந்து நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். "எம்மா, அங்க நடக்கிறத ஒண்ணுவிடாம எழுதிக்கிட்டு வா, நான் படிக்கணும்" என்றாய். எழுதுகிறேன்.

மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தேன். செயின்ட் லூசியா என்பது கடலுக்கு நடுவில் எழுந்து நிற்கும் மலைதான். சுற்றிலும் வாழைத் தோட்டம். பாஸ்போர்ட்டைப் பார்த்த ஆள் எதற்கு வந்தாய் என்று கேட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா எடுக்கச் சொன்ன பாஸ்போர்ட் இது. "ஒருதரம் உன்னைக் கூட்டிட்டு வந்து ஊரைக் காட்டுதேன்" என்றார். இப்போதுதான் முதல் முத்திரை விழுந்தது.

ஜெயபால் தம்பி வந்து கூட்டிப்போனார். உன் அப்பாவோடு அதே ஹோட்டலில் சமையல் வேலை. சாத்தான்குளத்துக்காரர். உன் அப்பாவை அண்ணாச்சி என்பதால் என்னை மதினி என்கிறார். ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் தங்கும் இடத்தில் எனக்கு ஓர் அறை.

உன் சித்தப்பா கிளம்பும்போது சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க. "மதினி, அண்ணன முழுசாக் கொண்டு வந்திருங்க. ஒரு துணுக்குச் சாம்பல்கூட அந்நிய மண்ணுல விட்டுறாதீங்க. திருச்செந்தூர் கடல்லதான் கரைக்கணும்." அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று எரித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாம்பலைப் பழுப்பு நிறக் குடுவையில் போட்டுத் தந்தார்கள். இரண்டு படி அரிசி கனம் இருக்கும். தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இதை விமானத்தில் ஏற்ற இறப்புப் பத்திரம் வேண்டுமாம். அதற்கு ஓர் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து தருவார்கள். இந்த அறையில் அடுப்பே கிடையாது. அதனால் ஜெயபால் தம்பி மத்தியானம் ஊர்ச் சந்தைக்குக் கூட்டிப்போனார். சந்தைக்குப் பின்புறம் ஒரு சந்து முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் ஒரு நீளப் பலகை, அதில் உட்கார்ந்து தின்ன வேண்டியதுதான். ஊர்க்காரர்கள், கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள், போலீஸ்காரர் என்று எல்லாரும் தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். புருஷன் செத்த பத்தாம் நாள் நான் வெளியூர்க் கடையில் உட்கார்ந்து தின்றேன் என்று உன் ஆச்சியிடம் சொல்லாதே.

கடைக்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி. பெயர் பிலோமின். நம் பள்ளிக்கூடத்தில்கூடப் பிலோமினா டீச்சர் இருந்தாரே. தலையில் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தாள். தட்டில் அவித்த வாழைக்காயும், வெங்காயம், குடைமிளகாய் போட்டு வதக்கிய உப்புக்கண்ட மீனும் வைத்தாள். இந்த ஊர்க் கருவாடுதான் அது. ஒரு வாய் வைத்தேன். உப்பைக் கழுவி, அவித்து, முள் எடுத்து உதிர்த்திருக்கிறாள். வேலை தெரிந்த கை.

"அண்ணாச்சிக்கு இதுன்னா உசிரு மதினி. ரெண்டு தட்டு சாப்பிடுவாவ" என்றார் ஜெயபால்.

போனில் என்னிடம் என்ன சொல்வார்? "இங்க வாய்க்கு வெளங்கிற மாதிரி ஒண்ணும் கெடைக்கல, கஞ்சியக் குடிச்சுட்டுக் கெடக்கேன்." ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் இறங்காது. உனக்கே தெரியும்.

கடைச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் என் பை தொங்கியது. என் பழைய மயில்கழுத்து நிறச் சேலையில் தைத்து, மிளகாய்ப்பொடி போட்டு அனுப்புவேனே, அந்தப் பை. பொடி நிறைய இருந்ததால் கொடுத்திருப்பார்.

பிப்ரவரி 12, புதன்

ஆபீஸ். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டாள். இத்தனை வயதுக்கு நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவள் மறுபடி கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் காகிதத்தை வாங்கித் தமிழில் எழுதினேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஜெயபால்தான் வெளியேயிருந்து ஓடிவந்து "இசக்கிமுத்து" என்றார்.

உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அது இல்லாமல் பத்திரம் கிடையாது.

"தூக்கத்திலேயே போயிட்டாவன்னு சொன்னீங்களே தம்பி."

"ஆமா மதினி. தனியாத்தான் இருந்தாவ."

"தனியா இருந்தா ஆம்புலன்ஸுக்கு யாரு போன் பண்ணுனா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "பாக்கேன் மதினி. ஏற்பாடு பண்ணுதேன்" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் மேனேஜர் என்னைப் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார். வெள்ளைத் துணி விரித்த மேசை. மூன்று கத்தி, இரண்டு முள்கரண்டி. புதன்கிழமை இந்தியச் சாப்பாடு போடுவார்களாம், உன் அப்பா தொடங்கிவைத்தது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். வருஷா வருஷம் அவர் கைக் கோழிக் குழம்புக்காகவே வருகிறாளாம். நான் அவர் சமைத்துச் சாப்பிட்டதே இல்லை. வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடிக்க மாட்டார்.

கூடத்துக்குச் சுவர் கிடையாது, கடற்காற்று வந்தபடி இருக்கிறது. விளக்குப் போட்ட பிறகும் அடையப் போகாத ஒரு கறுப்புப் பறவை, கண் மட்டும் மஞ்சள், என் மேசையில் குதித்துச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. கொஞ்சமும் பயமில்லை. காக்கையா என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல காக்கா கெடையாது மதினி."

அப்படியானால் பதினாறாம் நாள் யாருக்குச் சோறு வைப்பது?

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் ஜெயபால் ஒரு டப்பா கொண்டுவந்தார். பிளாஸ்டிக், நீல மூடி. உள்ளே எண்ணெயில் பொரித்த மாவு அப்பம் நான்கு, ஒரு பாட்டிலில் லவங்கப்பட்டை மணக்கிற கோகோ டீ. சந்தைக்காரி கொடுத்தாளாம். அப்பத்தைப் பிட்டுக் கோகோவில் தொட்டுத்தான் தின்ன வேண்டுமாம்.

டப்பாவைக் கழுவிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது நம் வீட்டில் வழக்கமில்லை. பையைத் துழாவியதில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு சில்லு கிடைத்தது. போட்டு அனுப்பினேன்.

திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். உடனே வாயில் போட்டுக்கொண்டாளாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆபீசில் கையெழுத்துப் போட ஆள் வந்தது. பிலோமின்தான் வந்தாள்.

மாதா கோயிலுக்குப் போகிற தொப்பி வைத்திருந்தாள். ஜெயபால் அவள் வந்ததும் தரையைப் பார்க்கத் தொடங்கியவர் நிமிரவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னவோ கேட்டாள். பிலோமின் மெதுவாகப் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் "இசக்கி" என்றாள். முத்து இல்லை, அவர்கள் இல்லை, வெறும் இசக்கி. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பேனா அப்படியே நின்றது. பிறகு எழுதினாள்.

"என்ன கேட்டா தம்பி?"

"அவருக்கு நீங்க யாருன்னு கேட்டா."

"இவ என்ன சொன்னா?"

"பழக்கம்னு சொன்னா மதினி."

"அவ்வளவு நேரம் பேசினாளே."

"இங்கிலீஷ்ல பழக்கம்ங்கிறதுக்கு ரொம்ப நேரம் ஆகும் மதினி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாவு நடந்து பன்னிரண்டு நாள் கழித்து வந்த முதல் சிரிப்பு. வந்த இடத்தைப் பார்.

பிலோமின் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்திரம் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவள் போடவில்லை என்றால் குடுவை இந்த ஊரிலேயே கிடந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் மனசு மாறட்டும் என்று ஜெயபால் ஒரு மீன்பிடி ஊருக்குக் கூட்டிப்போனார். வெள்ளிக்கிழமை அங்கே தெருவையே சாப்பாட்டுக் கடையாக்கிவிடுகிறார்கள். டிரம்மை இரண்டாக வெட்டிக் கரி போட்டு, அதில் மீன் சுடுகிறார்கள், சிங்கி இறால் சுடுகிறார்கள். ஒரு பக்கம் பாட்டு. ஒரு கடைக்காரர் ஜெயபாலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, என்னைப் பார்த்து இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். உன் அப்பா இங்கே ஆடுவாராம். நன்றாக ஆடுவாராம்.

எங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரர் கொஞ்சம் சிரிங்க என்று கெஞ்சினாரே, அந்த மனுஷன்.

பிப்ரவரி 15, சனி

டப்பா வந்தது. கீரையும் நண்டும் போட்ட கடைசல். கொட்டைப் புளி ஓர் உருண்டை போட்டுத் திருப்பினேன். என் பையில் இனிக் கொடுக்க எதுவும் இல்லை.

உன்னிடம் போனில் பேசினேன். நீ அழவில்லை என்பதால் நானும் அழவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளை பதினாறாம் நாள். படையல் போட அடுப்பு வேண்டும். மேனேஜரிடம் கேட்டதற்கு, ஹோட்டல் அடுப்படிக்குள் வெளியாள் வரக்கூடாது என்று சட்டமாம், தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். உன் சித்தப்பா போனில் "எப்படியாவது பண்ணுங்க மதினி, சும்மா விட்டா அண்ணன் பட்டினியாப் போவாரு" என்கிறார். எப்படியாவது என்று சொல்வது லேசு.

சந்தைக்குப் போனோம், கடை பூட்டியிருந்தது. திரும்பும்போது கோயில் வாசலில் பிலோமின். ஜெயபால் விஷயத்தைச் சொன்னார். அவள் என் கையைப் பிடித்தாள். மலைப்பக்கம் காட்டினாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"ஏட்டி, வா. சாப்பிடு."

ஜெயபால் பதறிப்போய், "அவளுக்கு அர்த்தம் தெரியாது மதினி, வாங்கன்னு சொல்லுததா நெனைச்சுட்டிருக்கா" என்றார்.

நம் பக்கம் ஓர் ஆண்பிள்ளை ஊரான் வீட்டுப் பெண்ணை ஏட்டி என்று கூப்பிட மாட்டான். தன் வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுவான். அவள் சொன்னது அவர் குரல் மாதிரியே இருந்தது, கடைசியில் கொஞ்சம் இழுத்து.

வேறு அடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நிறைய எழுத வேண்டும். எழுத வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிலோமின் வீடு மலைச்சரிவில், பலகையில் கட்டிய இரண்டு அறை. அடுப்படி சுத்தமாக இருந்தது. மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் தலையணை போட்டிருந்தது. உன் அப்பாவுக்கு மூலக்கடுப்பு உண்டு. நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.

அவள் தலையில் கட்டியிருந்த துணியை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு கொக்கி. ஹோட்டல் சலவையில் மாறிவிடக்கூடாது என்று உன் அப்பா லுங்கிக்கெல்லாம் நான் போட்டு அனுப்புகிற அடையாளம். இந்த ஊரில் இந்தக் கட்டத் துணிக்குப் பேரே மெட்ராஸாம், பண்டிகைக்கு எல்லாரும் கட்டுவார்களாம். அதனால் கட்டியிருப்பாள்.

சோறு வடித்தேன். உப்புக்கண்ட மீனில் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நான் அனுப்பிய மிளகாய்ப்பொடியே அவள் டப்பாவில் இருந்தது. புளி, நேற்று முன்தினம் நான் கொடுத்தது. அவருக்குப் பிடிக்கும் என்று பருப்புத் துவையல். அவள் வாழை இலை அறுத்துவந்தாள். தண்டுப் பக்கம் எது, நுனிப் பக்கம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பின்பக்கச் சுவரில் இலை போட்டுப் பரிமாறி, "கா, கா" என்று கூப்பிட்டேன். காக்கை இல்லாத ஊரில் கூப்பிடுகிறோம் என்று எனக்கே தெரியும், வேறு எப்படிக் கூப்பிடுவது? என் குரல் உடைந்தபோது பிலோமின் பக்கத்தில் வந்து நின்று "கா! கா!" என்று கத்தினாள். அவளுக்குப் பெரிய குரல். பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது.

மஞ்சள் கண் பறவைகள் ஆறேழு வந்து மாமரத்தில் உட்கார்ந்தன. இறங்கவில்லை. ஒன்று சுவருக்கு வந்து குழம்புச் சோற்றைப் பார்த்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. கால் மணி, அரை மணி. வெயில் ஏறிச் சோறு காய்ந்தது. உன் அப்பாவுக்குப் பிடித்தது எல்லாம் வைத்தேனே, செல்வி. ஒன்பது வருஷமாக மனசிலேயே வைத்துக்கொண்டிருந்ததை வைத்தேனே. தரையைத் தொட்டுக் கும்பிட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை.

பிலோமின் உள்ளே போனாள். காலையில் போட்ட அப்பத்தில் ஒன்றைப் பிட்டு, வதக்கிய மீனும் வாழைக்காயும் கொண்டுவந்து, வைக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். நான் சற்று நகர்ந்து நின்றேன். இலையின் ஓரத்தில், என் சோற்றைத் தொடாமல், வைத்தாள்.

அவள் கையை எடுக்குமுன் இறங்கிவிட்டன.

அதை முழுக்கத் தின்றன. கடைசியில் ஒன்று என் சோற்றையும் கொத்தியது. கொத்திய மாதிரிதான் இருந்தது.

பிறகு நாங்கள் சாப்பிட்டோம், தரையில் உட்கார்ந்து. ஜெயபால் வேலைக்குப் போய்விட்டார், பேச்சுக்கு ஆளில்லை. அவள் கையால் பிசைந்து சாப்பிட்டாள், உருண்டையை அவர் மாதிரியே விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி. கருவாட்டுக் குழம்பு காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்தான். ஆனால் விடாமல் தின்றாள். நடுவில் தலையணை நாற்காலியைக் காட்டி, டம்ளர் பிடிக்கிற மாதிரி கையை வைத்து, பிறகு தலையைத் தோளில் சாய்த்துக் காட்டினாள். டீ கேட்டிருக்கிறார். அவள் போட்டுக்கொண்டு வருவதற்குள்.

அப்படியென்றால் தனியாகப் போகவில்லை. அது போதும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பத்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். ஜெயபால் டேப் ஒட்டிக் குடுவையை மூடலாமா என்று கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

கீழே இறங்கிப் போகும்போது அவராகவே சொன்னார். "மதினி, பிலோமின் ஒண்ணு கேட்டா. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னுட்டேன்."

"என்ன கேட்டா?"

"குடுவைய ஒருதரம் தொட்டுப் பாக்கலாமான்னு. அவ்வளவுதான். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"நல்லதுதான்" என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

சந்தைக்குப் போய் ஆணியில் தொங்கிய என் பையைக் காட்டி, அது வேண்டும் என்றேன். பிலோமின் முகம் மாறிவிட்டது. எடுத்து, உதறி, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். பக்கத்துக் கடைக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

பிப்ரவரி 22, சனி

இந்த ஊருக்குச் சுதந்திர தினமாம். தெருவெல்லாம் கட்டத் துணி. பச்சைப்பிள்ளைகள்கூட லுங்கித் துணியில் சட்டை போட்டிருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் அப்பா லுங்கி.

நீல மூடி டப்பா வந்தது, வழிக்கு அப்பம். ஆறு இருந்தது. நான்கைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், நீ தின்று பார். இரண்டை நான் தின்றேன். டப்பாவைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவித் துடைத்து, வெயிலில் வைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விமானத்துக்குக் காத்திருக்கிறேன். குடுவை மடியில்.

பிலோமின் வழியனுப்ப வந்திருந்தாள். டப்பாவைக் கொடுத்தேன். எப்போதும் உடனே மூடியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்துச் சிரிப்பாளாம். இன்றைக்குக் கையில் வாங்கியதும் கனத்தைப் பார்த்தாள். நீல மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் வழியே என் பையின் மயில்கழுத்து நிறம் மங்கலாகத் தெரிந்தது. அவள் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயபால் தூக்கிவிடப் போனார். நான்தான் விடுங்க தம்பி என்றேன்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. என்னிடம் வேறு எதுவும் இல்லை.

செல்வி, உன் சித்தப்பா குடுவையைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைகிறதே என்று கேட்டாலும் கேட்பார். விமானத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது என்று நான் சொல்வேன். நீ பக்கத்தில் இருந்தால், ஆமாம் என்று சொல்.